ஹார்மோன் ஏற்பியை வாசலுக்குக் கொண்டுவருவது யார், உள்ளே இழுப்பது யார்?

கேள்வி கடலூரில் உயிர்வேதியியல் முதுகலை படிக்கும் ஒருவரிடமிருந்து வந்தது. சுருக்கினால் நான்கு விஷயம். ஹார்மோன் ஏற்பி செல்லின் மேற்பரப்பில் நிற்கிறது என்று பாடத்தில் இருக்கிறது. அதை அங்கே கொண்டுவந்து நிறுத்துவது எது? ஹார்மோன் ஒட்டியதும் ஏற்பி உள்ளே இழுக்கப்பட்டு 'அணைந்துவிடும்' என்கிறார்கள்; அது திரும்பி வருமா, அழியுமா, யார் முடிவு செய்கிறார்கள்? அப்பா ஆஸ்துமாவுக்கு நீல இன்ஹேலரை அடிக்கடி எடுக்கிறார், முன்பு மாதிரிக் கேட்கவில்லை என்கிறார். இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா? கன்ஃபோகல் நுண்ணோக்கி இல்லாத கல்லூரியில் இதை வைத்து ப்ராஜெக்ட் செய்ய முடியுமா?

இன்ஹேலர் விஷயத்தைக் கொஞ்சம் தள்ளி விரிவாகச் சொல்கிறேன். ஆனால் அடிக்கடி தேவைப்படுகிறது என்றால், இதைப் படித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம். அப்பாவை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

புதுச்சேரியில் மருத்துவ மாணவர்களுக்கு உடலியங்கியல் நடத்தியவன் நான். ஹார்மோன் வந்தது, ஏற்பியில் ஒட்டியது, உள்ளே வேலை நடந்தது என்று பாடம் மூன்று வரியில் முடிந்துவிடும். தேர்வுக்கு அது போதும். நோயாளிக்குப் போதாது. ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் எவ்வளவு ஓடுகிறது என்றுதான் தெரியும். செல் அதற்கு எவ்வளவு காது கொடுக்கிறது என்பது, அந்த நேரத்தில் மேற்பரப்பில் எத்தனை ஏற்பிகள் நிற்கின்றன, உள்ளே போனவை எந்த அறையில் இருக்கின்றன என்பதைப் பொறுத்தது. அதை நிர்ணயிப்பது ஹார்மோனைவிட, ஏற்பியின் உடம்பையும் வாலையும் பிடித்துக்கொள்ளும் மற்றப் புரதங்கள்தான்.

முதல் கேள்விக்கு வருவோம். மேற்பரப்பு ஏற்பி பிறப்பது செல்லுக்குள் புரதங்கள் தயாராகும் எண்டோபிளாச வலையில். ரைபோசோமிலிருந்து இழையாக வெளிவரும்போதே அது சவ்வுக்குள் செருகப்படுகிறது. ஹார்மோனின் சேதியைச் செல்லுக்குள் கடத்தும் ஜி புரதத்தோடு சேர்ந்து வேலை செய்யும் ஏற்பிகள் சவ்வை ஏழு முறை குறுக்கே கடக்கும். இதில் ஒரு மடிப்பு பிசகினாலும் மொத்த வடிவமும் கெடும். அதனால் கால்நெக்ஸின் போன்ற துணைப் புரதங்கள் ஒவ்வொன்றையும் பிடித்து வைத்துப் பார்க்கும். புதுச்சேரியிலிருந்து பஸ்ஸிலோ காரிலோ கடலூர் வருகிறவர்களுக்கு ஆல்பேட்டை சோதனைச்சாவடி தெரியும். வண்டியை ஓரங்கட்டி, டிக்கியைத் திறக்கச் சொல்லி, சரியில்லை என்று பட்டால் மேலே விடமாட்டார்கள். எண்டோபிளாச வலையின் வாசலும் அப்படித்தான். ஆனால் அங்கே அபராதம் கட்டிவிட்டுப் போகிற வழி கிடையாது. மடிப்பு சரியாகாத புரதத்தில் யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்டி, சைட்டோசால் என்ற செல்லின் திரவப் பகுதிக்கு இழுத்து, புரோட்டியசோமில் போட்டு அரைத்துவிடுகிறது செல்.

மடிப்பில் ஒரு குறையும் இல்லாமலேயே, தனியாக இந்த வாசலைத் தாண்ட முடியாத ஏற்பிகளும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஏசிடிஎச் ஹார்மோனின் ஏற்பி. பிட்யூட்டரி சுரக்கும் ஏசிடிஎச், அட்ரினல் சுரப்பிக்குப் போய்க் கார்ட்டிசால் செய்யச் சொல்கிறது. அங்கே அதைப் பிடிக்கும் ஏற்பிக்கு எம்சி2ஆர் என்று பெயர். 1992இல் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள். அதை ஆய்வகத்தில் வளரும் சாதாரணச் செல்களில் செலுத்தியபோது ஒன்றும் நடக்கவில்லை. புரதம் உருவாகிறது, ஆனால் மேற்பரப்புக்கு வராமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. அட்ரினலிலிருந்து வந்த செல்களில் மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. அட்ரினல் செல்லில் ஏதோ ஒரு துணை இருக்கிறது என்ற சந்தேகம் பல ஆண்டுகள் சந்தேகமாகவே இருந்தது.

விடை ஆய்வகச் செல்லிலிருந்து வரவில்லை, நோயுற்ற குழந்தைகளிடமிருந்து வந்தது. குடும்ப வழிக் குளுக்கோகார்ட்டிகாய்டு குறைபாடு என்று ஒரு அபூர்வ நோய். பிறந்த சில நாட்களிலேயே சர்க்கரை இறங்கும், வலிப்பு வரும், சாதாரணக் காய்ச்சல்கூட உயிருக்கு உலை வைக்கும். ரத்தத்தில் ஏசிடிஎச் கொட்டிக் கிடக்கும், கார்ட்டிசால் இருக்காது. சில குடும்பங்களில் எம்சி2ஆர் மரபணுவில் பிழை இருந்தது. வேறு சிலவற்றில் அந்த மரபணு பழுதில்லாமல் இருந்தது. அந்தக் குடும்பங்களை லண்டன் குழு ஒன்று ஆராய்ந்து, 2005இல் 21ஆம் குரோமோசோமில் வேறொரு மரபணுவைச் சுட்டிக்காட்டியது. அது தயாரிக்கும் சின்னஞ்சிறு புரதம்தான் எம்ராப். சவ்வை ஒரே ஒரு முறை கடக்கும். இரண்டு எம்ராப் மூலக்கூறுகள் ஒன்று நேராக, ஒன்று தலைகீழாகச் சவ்வில் ஜோடி சேரும். புரதங்களில் இப்படிப்பட்ட ஜோடியைப் பார்ப்பது அரிது. இந்த ஜோடி ஏற்பியோடு சேர்ந்தால்தான் அது எண்டோபிளாச வலையை விட்டு வெளியேறும். மேற்பரப்புக்கு வந்தபிறகும் எம்ராப் விலகிவிடுவதில்லை. அது கூடவே இருந்தால்தான் ஏசிடிஎச் ஒட்டவே செய்யும்.

இந்த இடத்தில் ஒரு இடைச்செருகல், மருத்துவம் படிப்பவர்களுக்காக. ஏசிடிஎச் அளவுக்கு மீறி ஏறும்போது தோலின் நிறமிச் செல்களில் இருக்கும் எம்சி1ஆர் ஏற்பியையும் அது தூண்டிவிடும். அதற்கு எம்ராப் தேவையில்லை. அதனால் இந்தக் குழந்தைகள் நாளுக்கு நாள் கறுத்துக்கொண்டே வருவார்கள். வெள்ளைத் தோல்காரர்கள் ஊரில் இது உடனே கண்ணில் படும். நம் ஊரில், "வெயில்ல போட்டுக் குளிப்பாட்டுறீங்க, அதான்" என்று பாட்டி சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. ஈறு, விரல் முட்டி, உள்ளங்கை ரேகை, இந்த மூன்றையும் பாருங்கள். அம்மா அப்பா இருவரின் நிறத்துக்கும் ஒட்டாத கறுப்பு அங்கே இருந்து, கூடவே சர்க்கரையும் இறங்குகிறது என்றால் கார்ட்டிசாலும் ஏசிடிஎச்சும் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது. கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்து இப்படிப்பட்ட குழந்தைகள் கோரிமேட்டு ஜிப்மருக்குத்தான் பெரும்பாலும் வந்து சேர்கிறார்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை மலிவானது. நோயைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

துணைப் புரதம் ஏற்பியைக் கொண்டுவந்து விடுவதோடு நிற்காமல், அது எந்த ஹார்மோனுக்கு ஏற்பி என்பதையே மாற்றுவதும் உண்டு. 1998இல் கண்டுபிடிக்கப்பட்ட ராம்ப் புரதங்கள் அப்படி. கால்சிட்டோனின் போன்ற ஏற்பி என்று ஒன்று. தனியாக இருந்தால் மேற்பரப்புக்கே வராது. ராம்ப்-1 கூட வந்தால் சிஜிஆர்பி என்ற பெப்டைடின் ஏற்பியாகிறது. ராம்ப்-2 கூட வந்தால் அதே ஏற்பி அட்ரினோமெடுலின் ஹார்மோனின் ஏற்பி. மரபணு ஒன்றுதான், துணை மாறினால் வேலை மாறுகிறது. ஒற்றைத் தலைவலிக்காக 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எரெனுமாப் ஊசி குறிவைப்பது முதல் ஜோடியைத்தான்.

இனி, சோதனைச்சாவடியிலேயே சிக்கிக்கொள்ளும் ஏற்பி. சிறுநீரகத்தின் கடைசிக் குழாய்களில் வாசோபிரசின் ஹார்மோனுக்கு வி2 என்ற ஏற்பி இருக்கிறது. வாசோபிரசின் ஒட்டினால், செல்லுக்குள் சேதி கடத்தும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பி ஏறும். உள்ளே குமிழிகளில் காத்திருக்கும் அக்குவாபோரின்-2 என்ற நீர்க்குழாய்ப் புரதத்தின் 256ஆவது இடத்தில் உள்ள செரின் என்ற அமினோ அமிலத்தில் பாஸ்பேட் ஏறும். குமிழிகள் சவ்வோடு போய்ச் சேரும். தண்ணீர் சிறுநீரிலிருந்து உடம்புக்குத் திரும்பும். வி2 மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அதில் 200க்கும் மேற்பட்ட சடுதிமாற்றங்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஏற்பியின் வேலைத்திறனைக் கெடுப்பதைவிட, மடிப்பை லேசாகப் பிசக வைத்து எண்டோபிளாச வலையிலேயே மாட்டிவிடுகின்றன. விளைவு, ஆண் குழந்தை தண்ணீர் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டே இருக்கும், லிட்டர் கணக்கில் சிறுநீர் போகும். கடலூர்ச் சித்திரை வெயிலில் இப்படி ஒரு பிள்ளையை வளர்ப்பது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சர்க்கரைப் பரிசோதனையில் ஒன்றும் தெரியாது.

2000இல் மான்ட்ரியாலில் ஒரு குழு விசித்திரமான ஒன்றைக் காட்டியது. வி2 ஏற்பியை அடைக்கும் மருந்து ஒன்றை, அதாவது நோயைக் கூட்ட வேண்டிய மருந்தை, இந்தப் பழுதான ஏற்பி உள்ள செல்களுக்குக் கொடுத்தார்கள். மருந்து சிறியது, செல்லுக்குள் நுழையக்கூடியது. எண்டோபிளாச வலையில் தடுமாறிக்கொண்டிருந்த ஏற்பியின் நடுவில் போய் உட்கார்ந்து, வடிவத்தை நிமிர்த்திவிட்டது. ஏற்பி வாசலைத் தாண்டி மேற்பரப்புக்கு வந்தது. வந்தபின் வாசோபிரசின் மருந்தைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்தது, சைக்ளிக் ஏஎம்பி ஏறியது. 2006இல் இதே வகை மருந்து நோயாளிகளிடம் சிறுநீரின் அளவைக் குறைப்பதாகவும் வெளியிட்டார்கள். ஆனால் அந்த மருந்து கடைக்கு வரவே இல்லை. இந்த உத்தி பலித்த இடம் வேறு: ஒரு நொதி பழுதாகும் பரம்பரை நோயான ஃபேப்ரி நோயில் அந்த நொதியை நிமிர்த்தும் மிகலாஸ்டாட், 2016இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்றது.

இரண்டாவது கேள்வி, உள்ளே இழுப்பது. இங்கே பீட்டா-2 அட்ரினர்ஜிக் ஏற்பியை எடுத்துக்கொள்வோம். அட்ரினலினுக்கு மூச்சுக்குழலில் இருக்கும் ஏற்பி இதுதான், உங்கள் அப்பாவின் இன்ஹேலர் மருந்து ஒட்டுவதும் இதில்தான். அட்ரினலின் ஒட்டியதும் ஏற்பி வளைந்து கொடுக்கிறது. ஜி புரதம் வந்து சேதியை வாங்கிக்கொண்டு போகிறது. வளைந்த ஏற்பியை ஜிஆர்கே என்ற கைனேஸ் அடையாளம் கண்டு, அதன் வாலில் பாஸ்பேட்டுகளை ஏற்றுகிறது. பாஸ்பேட் ஏறிய வாலைப் பிடிக்க வருவது பீட்டா-அரெஸ்டின். அது ஒட்டியவுடன் ஜி புரதத்துக்கு இடமில்லை. அரெஸ்டினின் மறுபக்கம் ஏபி-2, கிளாத்ரின் என்ற இரண்டு புரதங்களையும் பிடிக்கும். மூன்று கால் கொண்ட கிளாத்ரின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து, சவ்வின் அடியில் கூடை போலக் கட்டும். கூடை குழிந்து உள்ளே இறங்கும். கழுத்தை டைனமின் சுற்றிக்கொண்டு நெரித்துத் துண்டிக்கும். ஏற்பி இப்போது செல்லுக்குள் ஒரு குமிழியில்.

ஆய்வகத்தில் இதைப் பார்க்கும் வழி, அரெஸ்டினோடு பச்சையாக ஒளிரும் புரதத்தைச் சேர்த்துவிடுவது. மருந்து ஊற்றும் முன் செல் முழுக்க மங்கலான பச்சை பரவிக் கிடக்கும். ஊற்றிய சில நிமிடங்களில் அந்தப் பச்சை ஓரத்துக்கு ஓடிப்போய்ப் புள்ளிப் புள்ளியாகிவிடும். பீட்டா-2 என்றால் அரெஸ்டின் ஓரத்திலேயே ஏற்பியை விட்டுவிட்டுத் திரும்பிவிடும். வி2 என்றால் விடாமல் பிடித்தபடி உள் குமிழிவரை கூடவே போகும். இந்த வித்தியாசம் முழுவதும் வாலில் இருக்கிறது. பீட்டா-2 ஏற்பியின் வாலை வெட்டி வி2 வாலை ஒட்டினால், அது வி2 மாதிரியே அரெஸ்டினை விடாது, மேலே திரும்புவதற்கும் நேரம் பிடிக்கும். காரணம், வி2 வாலில் செரின், திரியோனின் நெருக்கமாக அமைந்து, பாஸ்பேட்டுகள் கொத்தாக ஏறுகின்றன.

உள்ளே போன குமிழி முதலில் சேரும் இடம் தொடக்க எண்டோசோம், வந்ததைப் பிரித்து அனுப்பும் அறை. அமிலத்தன்மை கொஞ்சம் கூடியிருக்கும், அட்ரினலின் கழன்றுவிடும், பாஸ்பேட்டுகள் நீக்கப்படும். இங்கேதான் பாதை பிரிகிறது. ஒன்று மேலே திரும்பும் வழி, மற்றது லைசோசோமில் போய்க் கரையும் வழி. முன்பு, திரும்புவது தானாக நடக்கும், லைசோசோமுக்குப் போகத்தான் சீட்டு வேண்டும் என்று நினைத்தார்கள். பல ஏற்பிகளுக்கு அது அப்படியே பொருந்துகிறது. பீட்டா-2 விஷயத்தில் திரும்புவதற்கும் சீட்டு வேண்டும்.

அந்தச் சீட்டு எவ்வளவு சிறியது என்று பாருங்கள். ஏற்பியில் மொத்தம் 413 அமினோ அமிலங்கள். கடைசி நான்கு: ஆஸ்பார்ட்டிக் அமிலம், செரின், லியூசின், லியூசின். இந்த நான்கையும் பிடிஇசட் என்ற மடிப்பு உள்ள புரதங்கள் பிடித்துக்கொள்ளும். 1999இல் சான் பிரான்சிஸ்கோவில் செய்த சோதனை இது: நான்கையும் அப்படியே விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் ஒரே ஒரு அலனினைக் கூடுதலாக ஒட்டினார்கள். பிடிஇசட் பிடிக்கு வால் நுனி திறந்திருக்க வேண்டும். அலனின் அதை மூடிவிட்டது. ஏற்பி மருந்தோடு ஒழுங்காக ஒட்டியது, ஜி புரதத்தைத் தூண்டியது, உள்ளேயும் போனது. திரும்பி வரவில்லை, லைசோசோமுக்குப் போய்விட்டது. பிறகு தலைகீழாகவும் செய்து பார்த்தார்கள். வழக்கமாக லைசோசோமுக்குப் போகும் டெல்டா ஓபியாய்டு ஏற்பியின் வாலில் அந்த நான்கு அமினோ அமிலங்களைச் சேர்த்தார்கள். அது திரும்பி வரத் தொடங்கியது. 2010இல் எண்டோசோமில் இந்த வாலைப் பிடிக்கும் புரதம் எஸ்என்எக்ஸ்27 என்று தெரிந்தது. அது ரெட்ரோமர் என்ற தொகுப்போடு சேர்ந்து ஏற்பியைக் குழாய் போன்ற நீட்சிக்குள் தள்ளி மேலே அனுப்புகிறது. அந்த நான்கில் இருக்கும் செரினில் பாஸ்பேட் ஏறினாலும் பிடி தளரும் என்பதையும் கவனியுங்கள். அதாவது, திரும்பும் சீட்டை செல் நினைத்தால் செல்லாததாக்க முடியும்.

லைசோசோம் வழிக்கான சீட்டு யுபிக்விட்டின். புரோட்டியசோமுக்கு அடையாளமாகச் சொன்ன அதே புரதம் இங்கே வேறு வேலைக்கு. ஏற்பியில் அது ஒட்டியிருந்தால் எஸ்கார்ட் என்ற புரதத் தொகுப்புகள் வரிசையாகப் பிடித்து, எண்டோசோமின் வயிற்றுக்குள் சிறு குமிழியாகத் தள்ளிவிடும். அப்புறம் வெளியே வர வழியில்லை. யுபிக்விட்டினை ஒட்டும் நொதியை ஏற்பியிடம் அழைத்துவருவதிலும் அரெஸ்டினுக்குப் பங்கு உண்டு. 2001இல் காட்டியது லெஃப்கோவிட்ஸ் ஆய்வகம். அவருக்கும் கோபில்காவுக்கும் 2012இல் நோபல் கிடைத்தது இந்த ஏற்பிக் குடும்பத்துக்காகத்தான்.

இப்போது அப்பாவின் இன்ஹேலர். நீல இன்ஹேலரில் இருக்கும் சால்புட்டமாலை நாள் முழுக்க அடித்துக்கொண்டே இருந்தால் பீட்டா-2 ஏற்பிகள் உள்ளே போவதும், ஒரு பங்கு லைசோசோமில் அழிவதும் நடக்கும், புதிதாக உருவாவதும் குறையும். அதனால் பலன் சற்றுக் குறையலாம். ஆனால் மூச்சுக்குழல் தசையில் ஏற்பிகள் தேவைக்கு மேல் கையிருப்பு இருக்கின்றன. ஆகவே 'மருந்து பழகிவிட்டது' என்பதை முதல் காரணமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். மூச்சுக்குழலில் அழற்சி அடங்காமல் இருக்கிறது, அதைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர் அவர் எடுக்கவில்லை, அல்லது அடிக்கும் முறை சரியில்லை; பெரும்பாலும் இதில் ஒன்றாகத்தான் இருக்கும். சால்புட்டமாலை மட்டும் தனியாக நம்பிக்கொண்டிருக்கக் கூடாது என்று ஜினா என்ற உலகளாவிய ஆஸ்துமா வழிகாட்டி 2019இலேயே சொல்லிவிட்டது. உங்கள் பாடத்துக்கு இதில் ஒரு தீனி: ஸ்டீராய்டு அழற்சியைத் தணிப்பதோடு, பீட்டா-2 ஏற்பி மரபணுவின் படியெடுத்தலையும் கூட்டுகிறது. பழுப்பு இன்ஹேலர் நீல இன்ஹேலருக்கு ஏற்பி தயாரித்துக் கொடுக்கிறது என்று சொன்னால் தப்பில்லை. ஜிப்மரிலோ கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனையிலோ நுரையீரல் பிரிவில் காட்டும்போது இன்ஹேலரைக் கையோடு எடுத்துப்போய், அடித்துக் காட்டச் சொல்லுங்கள்.

'உள்ளே போனால் அணைந்துவிடும்' என்ற வரியைத்தான் நான் பாடத்திலிருந்து எடுக்கச் சொல்வேன். 2009இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே ஒரே விஷயத்தைச் சொன்னன. ஒன்று தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ஏற்பியில், மற்றது பாராதைராய்டு ஹார்மோன் ஏற்பியில். இரண்டும் எண்டோசோமுக்குள் போனபிறகும் சைக்ளிக் ஏஎம்பி ஏறிக்கொண்டே இருந்தது. அப்போது பலர் நம்பவில்லை. 2013இல் லாமா என்ற விலங்கின் எதிர்ப்பொருளிலிருந்து எடுத்த சிறு துண்டைப் பயன்படுத்தினார்கள். தூண்டப்பட்ட நிலையில் உள்ள பீட்டா-2 ஏற்பியில் மட்டும் அது ஒட்டும். அதோடு பச்சையாக ஒளிரும் புரதத்தைச் சேர்த்துப் பார்த்தபோது, முதலில் மேற்பரப்பில் ஒளிர்ந்தது, சில நிமிடங்களில் எண்டோசோமிலும் ஒளிர்ந்தது. கண்ணால் பார்த்தபிறகு வாதம் அடங்கியது. அரெஸ்டினும் ஜி புரதமும் ஒரே ஏற்பியில் ஒரே நேரத்தில் தொங்கும் மெகாப்ளெக்ஸ் என்ற கூட்டு 2016இல் வெளிவந்தது. அரெஸ்டின் வாலை மட்டும் பிடித்துத் தொங்கினால் நடுப்பகுதி ஜி புரதத்துக்குக் காலியாகத்தானே இருக்கும்!

பாராதைராய்டு ஏற்பியில் ரெட்ரோமருக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. எண்டோசோமில் அரெஸ்டின் விலகி ரெட்ரோமர் வந்து பிடித்தால்தான் சேதி நிற்கிறது. ஏற்பியை இடம் மாற்றுகிற புரதமே அணைக்கவும் செய்கிறது. எந்த அறையில் சைக்ளிக் ஏஎம்பி உருவாகிறது என்பதைப் பொறுத்து, எந்த மரபணு எழும்பும் என்பதும் மாறுகிறது.

இன்சுலின் ஏற்பி வேறு குடும்பம், ஆனால் அங்கேயும் இதே கதைதான். 2016இல் வந்த ஒரு ஆய்வை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் எதிர்பாராத புரதம் அதில் வருகிறது. செல் பிரியும்போது குரோமோசோம்கள் சரியாகப் பங்கிடப்படுகின்றனவா என்று காவல் காக்கும் மேட்2 புரதம், இன்சுலின் ஏற்பியில் நேரடியாக ஒட்டி, பப்ஆர்1 வழியாக ஏபி-2வை அழைத்துவந்து ஏற்பியை உள்ளே இழுக்கிறது. இதைத் தடுக்கும் பி31காமெட் புரதம் கல்லீரலில் இல்லாத எலிகளில் ஏற்பிகள் மேற்பரப்பிலிருந்து முன்கூட்டியே காணாமல் போகின்றன, இன்சுலினுக்குக் கல்லீரல் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. மனிதரின் சர்க்கரை நோயில் பெரும்பாலான சிக்கல் ஏற்பிக்கு அப்பால் உள்ளது என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். எலி ஆய்வை வைத்து அவசரப்பட வேண்டாம்.

விதிக்குப் புறம்பானதும் ஒன்று உண்டு. இனப்பெருக்கத்தை நடத்தும் ஜிஎன்ஆர்எச் ஹார்மோனின் ஏற்பிக்குப் பாலூட்டிகளில் உள்பக்க வாலே இல்லை. வால் இல்லையென்றால் அரெஸ்டின் பிடிக்க இடமில்லை; மெதுவாகத்தான் உள்ளே போகும். அப்படியிருந்தும், 1978இல் குரங்குகளில் காட்டியபடி, ஜிஎன்ஆர்எச்சை விட்டுவிட்டுக் கொடுத்தால் பிட்யூட்டரி வேலை செய்கிறது, இடைவிடாமல் கொடுத்தால் கைவிட்டுவிடுகிறது. புராஸ்டேட் புற்றுநோய்க்கும், வயதுக்கு முன்பே பூப்படையும் குழந்தைகளுக்கும் லியூப்ரோலைடு ஊசி போடுவது இதை நம்பித்தான். வாய்வா தேர்வில் இதை 'அரெஸ்டினால்' என்று சொல்லிவிடாதீர்கள். கேட்பவருக்கு விஷயம் தெரிந்திருந்தால் மதிப்பெண் போய்விடும்.

கார்ட்டிசால் போன்ற ஸ்டீராய்டுகளின் ஏற்பி சவ்வில் நிற்பதே இல்லை, சைட்டோசாலில் ஹெச்எஸ்பி90 என்ற புரதத்தின் பிடியில் காத்திருக்கும். கூடவே எஃப்கேபிபி51 என்ற புரதம். கார்ட்டிசால் வந்ததும் 51 விலகி அந்த இடத்துக்கு எஃப்கேபிபி52 வருகிறது. அது டைனீன் மோட்டாரைப் பிடித்து, நுண்குழல் வழியாகக் கருவுக்குப் பயணம் சாத்தியமாகிறது. தென் அமெரிக்காவின் அணில் குரங்குகளில் 51 அளவுக்கு அதிகமாக இருக்கிறது. அவற்றின் ரத்தத்தில் கார்ட்டிசால் மிக அதிகமாக ஓடுகிறது. நம் உடம்பில் அவ்வளவு ஓடினால் நோய். அந்தக் குரங்குகளோ மரத்துக்கு மரம் சுகமாகத் தாவிக்கொண்டிருக்கின்றன. ரத்த அறிக்கையை மட்டும் வைத்துப் பேசக் கூடாது என்று நான் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.

மருந்துக் கம்பெனிகளும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டன. 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்த, சர்க்கரை நோய்க்கும் எடை குறைக்கவும் போடும் டிர்செபடைடு ஊசி, ஜிஎல்பி-1 ஏற்பியில் சைக்ளிக் ஏஎம்பியை நன்றாக ஏற்றுகிறது, அரெஸ்டினை அவ்வளவாக அழைப்பதில்லை, அதனால் ஏற்பி உள்ளே போவதும் குறைவு. எடை குறைவதற்கு இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. அந்த மருந்து ஜிஐபி ஏற்பியிலும் வேலை செய்கிறது.

கடைசிக் கேள்வி, ப்ராஜெக்ட். கன்ஃபோகல் வேண்டாம். செல் வளர்ப்பு அறையும், நிறத்தின் அடர்த்தியை அளக்கும் எலைசா ரீடரும் இருந்தால் போதும். வெளிப்பக்க நுனியில் எச்ஏ டேக் என்ற அடையாளத் துண்டு சேர்த்த பீட்டா-2 ஏற்பியின் பிளாஸ்மிடை, ஆய்வகத்தில் வளரும் ஹெக்-293 என்ற மனிதச் செல்களில் செலுத்துங்கள். ஏற்பியைத் தூண்டும் ஐசோபுரோட்டெரெனாலை 0, 5, 15, 30 நிமிடங்களுக்குக் கொடுத்து, உடனே தட்டை ஐஸ் மேல் வையுங்கள். குளிரில் உள்ளே இழுப்பது நின்றுவிடும். சவ்வில் ஓட்டை போடும் டிரைட்டன் போடாமல் ஃபார்மால்டிஹைடில் பதப்படுத்தி, எச்ஏ எதிர்ப்பொருள் சேர்த்தால் மேற்பரப்பில் மிச்சமுள்ள ஏற்பி மட்டும் நிறம் காட்டும். பக்கத்துக் குழிகளில் டிரைட்டன் போட்டுச் செய்தால் மொத்த ஏற்பியின் அளவு கிடைக்கும். மருந்தைக் கழுவிவிட்டு, மிச்சம் மீதியை அடைக்க புரொப்ரனலால் சேர்த்து ஒரு மணி நேரம் விட்டால், திரும்பி வருவதையும் அளக்கலாம். கிளாத்ரின் வழிதான் என்று காட்ட விலை உயர்ந்த தடுப்பான் வாங்க வேண்டியதில்லை, 0.45 மோலார் சுக்ரோஸ் போதும், ஆய்வகச் சர்க்கரைதான்.

டிரைட்டன் போடாத குழிகளில் உள்ளே இருக்கும் டியூபுலின் போன்ற ஒரு புரதத்துக்கும் எதிர்ப்பொருள் போட்டுப் பாருங்கள். நிறம் வந்தால் செல் சவ்வு கிழிந்திருக்கிறது, அந்தத் தட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம். தட்டுக்குப் பாலிலைசின் பூசாமல் தொடங்காதீர்கள். ஹெக் செல்கள் இரண்டு மூன்று முறை கழுவினாலே தண்ணீரோடு போய்விடும், ஏற்பி குறைந்தது மாதிரி உங்களை ஏமாற்றும். கடைசியில் கிரிஸ்டல் வயலட் ஏற்றி, செல் எண்ணிக்கைக்கு ஈடுகட்டிக் கணக்கிடுங்கள்.